மூட்டைக்குக் கட்டுற கயிறு பெட்டிக்குப் போதாது

போன செமஸ்டர் லீவுக்கு முன்னாடி, ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு வீடியோ பார்த்தோம். அமெரிக்காவில் ஒருத்தர் பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு குட்டி வீட்டையே தூக்கி வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார். அதுக்கு ட்ரக் கேம்பர்னு பேரு. உள்ளே கட்டில், அடுப்பு, சிங்க். மேலே சோலார் பேனல். வேண்டாத நாளில் நாலு மூலையிலும் ஜாக்கி வைத்து அந்தப் பெட்டியை நிற்க வைத்துவிட்டு, வண்டியை மட்டும் அடியிலிருந்து உருவிக்கொண்டு போகிறார்.

வீடியோ முடிந்த பத்தாவது நிமிஷம் எங்கள் பிளான் ரெடி. தேனியில் என் மாமாவிடம் ஒரு பிக்கப் இருக்கிறது. அதில் பிளைவுட் பெட்டி ஒன்றை ஏற்றி, போடிமெட்டு வழியாக மூணாறு. ஒருத்தன் பேட்டரி எத்தனை ஏ.எச். வேணும்னு கணக்கு போட்டான். இன்னொருத்தன் கட்டிலை மடக்குற மாதிரி டிசைன் பண்ணலாம்னான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசினோம். பெட்டியை வண்டியோடு எப்படிப் பிடிப்பது என்ற பேச்சுக்கு மொத்தமாக அஞ்சு செகண்ட்தான் ஆச்சு. "அதெல்லாம் கயிறு போட்டுக் கட்டிக்கலாம்டா."

அந்த வரியைச் சொன்னது நான்தான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிக்கு எதிராக நான் சொல்லும் பதில்.

ஒன்பதாவது வளைவு

லீவில் ஊருக்குப் போனபோது மாமாவுக்கு ஒரு வாடகை வந்தது. சின்னமனூரிலிருந்து ஒரு ஜூஸ் கடைப் பெட்டியைப் போடிமெட்டுக்கு மேலே கொண்டு போய் இறக்க வேண்டும். நீங்கள் பார்த்திருப்பீர்கள், இரும்பு ஃபிரேம் போட்டு, சுற்றிலும் தகடும் பிளைவுட்டும் அடித்து, முன்பக்கம் தூக்கித் திறக்கிற ஷட்டர் வைத்த பெட்டி. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கேம்பர்தான், கட்டிலுக்குப் பதிலா மிக்ஸி இருக்கும், அவ்வளவுதான். எடை சுமார் 500 கிலோ இருக்கும்.

மாமாவும் ரெண்டு லோடுமேன் அண்ணன்களும் சேர்ந்து கட்டினார்கள். அவர்கள் கட்டுவதைப் பார்ப்பதே ஒரு அழகு. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கீழே கொக்கியில் சுற்றி, திரும்ப அந்தக் கண்ணிக்குள் விட்டு, காலை வண்டியில் முட்டுக் கொடுத்துக் கீழே இழுப்பார்கள். நாம் மெக்கானிக்ஸ் பேப்பரில் கப்பி கணக்காகப் படிப்பது இதைத்தான். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒரு பங்கு இழுவைக்கு மூன்று பங்கு இழுவிசை. அதை யாரும் அவர்களுக்கு போர்டில் வரைந்து காட்டவில்லை. முந்தலில் வண்டியை ஓரங்கட்டி எல்லாக் கயிற்றையும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாமா மலை ஏறினார்.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது என்று நினைக்கிறேன். மேலிருந்து ஒரு வண்டி வேகமாக இறங்கி வந்தது. அதற்கு முன்னால் திரும்பி முடித்துவிடலாம் என்று மாமா கொஞ்சம் அழுத்தினார். பின்னால் 'டங்'கென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தால், பெட்டி வெளிப்பக்கமாக ஒரு ஜாண் நகர்ந்திருக்கிறது. சைடு கதவு வெளியே பிதுங்கியிருக்கிறது. கயிறு அறவில்லை. கயிறு மாட்டியிருந்த கொக்கிதான் நிமிர்ந்துபோய் இருந்தது. அந்தப் பக்கமாகப் பைக்கில் ஒரு அண்ணனும் அவர் மனைவியும் சரியாகப் பத்தடி பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அக்கா மடியில் ஒரு குழந்தை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இருபத்தஞ்சு வருசமா கட்டுறேன் மாப்ள. ஏலக்கா மூட்ட, நெல்லு மூட்ட, வாழைத்தாரு, எதுவும் இப்பிடி நகர்ந்ததில்ல."

எனக்கு விடை அந்த வாக்கியத்திலேயே இருந்தது. அவர் சொன்ன எதுவுமே பெட்டி இல்லை.

மூட்டை வேற, பெட்டி வேற

நம்ம பள்ளத்தாக்கில் கயிறு கட்டும் வித்தை மூட்டையோடு வளர்ந்தது. சாக்கு மூட்டை மெத்தென்று இருக்கும். கயிறு அதில் பதியும். ஒரு மூட்டை இன்னொரு மூட்டையின் பள்ளத்தில் உட்கார்ந்து, மொத்த லோடும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். சணல் சாக்கு பலகைமேல் சுலபமாக வழுக்காது. குலுங்கி அமுங்கினாலும் நடுவில் முந்தலில் ஒரு தடவை இழுத்துக் கட்டினால் போதும். வாழைத்தாரும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பெட்டி அமுங்காது. அடிப்பக்கம் தட்டையான பிளைவுட், அதற்குக் கீழே வண்டியின் தட்டையான இரும்புத் தகடு. நடுவில் கொஞ்சம் மணலோ மழைத்தண்ணியோ இருந்தால் சறுக்குமரம் மாதிரிதான். கயிறு பெட்டியின் நாலு மூலையில் மட்டும் தொடும். அந்த மூலைதான் கயிற்றை அறுக்கும். நைலான் கயிறு இழுத்தால் கொஞ்சம் நீளும். பெட்டி ஒரு அங்குலம் நகர்ந்து நீளம் குறைந்தால் மொத்தக் கயிறும் லூஸ்.

கம்பம் பள்ளத்தாக்கில் லோடு மாறிவிட்டது. திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகும் தண்ணி டேங்க், திருவிழாவுக்குப் போகும் ஜெனரேட்டர், ஸ்பீக்கர் பெட்டி, டிபன் கடை, ஜூஸ் கடை என்று இப்போது நிறைய வண்டிகளில் போவது கெட்டியான ஒற்றைப் பொருள்தான். டேங்க் பாதி நிறைந்திருந்தால் இன்னும் மோசம், வண்டி திரும்பினால் தண்ணியும் உள்ளே ஒரு பக்கமாக ஓடும். லோடு மாறியது, கட்டுற முறை மாறவில்லை. அதுதான் பிரச்சினைன்னு நான் நினைக்கிறேன். லோடுமேன் அண்ணனுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய திறமை வேறொரு பொருளுக்காகப் பழகியது.

ஒரு சின்னக் கணக்கு

இதை நாம் முதல் வருஷத்திலேயே படித்துவிட்டோம். பரீட்சைக்கு அப்புறம் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

மலைச்சாலைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸ் தரத்தில், கொண்டை ஊசி வளைவுக்குக் குறைந்தபட்ச ஆரம் 14 மீட்டர், டிசைன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். 20-இல் திரும்பினால் பக்கவாட்டு விசை பெட்டியின் எடையில் சுமார் 22%. பிளைவுட்டுக்கும் இரும்புத் தகட்டுக்கும் உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொள்வோம். அதாவது எடையில் 30% வரைக்கும் உராய்வே பிடித்துக்கொள்ளும். அதனால் 20-இல் போனால் கயிறே இல்லாவிட்டாலும் பெட்டி சும்மா உட்கார்ந்திருக்கும். "நாங்க எத்தனை தடவை போயிருக்கோம், ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறோமே, அதன் ரகசியம் இதுதான். அந்த நாட்களில் பெட்டியைப் பிடித்தது கயிறு இல்லை, உராய்வு.

அதே வளைவில் 30-இல் திரும்புங்கள். வேகம் ஒன்றரை மடங்குதான், விசை ரெண்டே கால் மடங்கு. எடையில் சுமார் 51%. சாலையின் சாய்மானம் கொஞ்சம் உதவினாலும் 40%-க்குக் கீழே வராது. உராய்வின் 30% போக மீதியைக் கயிறும் கொக்கியும் திடீரென்று தாங்க வேண்டும். பிக்கப் பாடியின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கொக்கிகள் தார்ப்பாய்க் கயிறு மாட்டத்தான் லாயக்கு. நிமிராமல் என்ன செய்யும்?

பிரேக் கணக்கு இன்னும் பயமுறுத்தும். லோடு கட்டுவதற்கு அமெரிக்காவின் மத்திய விதியும் ஐரோப்பாவின் ஈ.என். 12195-1 தரமும் ஒரே அளவைச் சொல்கின்றன: முன்பக்கம் எடையில் 80%, பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50% விசையைத் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும். 500 கிலோ பெட்டிக்கு முன்பக்கம் 400 கிலோ. உராய்வு தருவது 150. மீதிக்கு, பெட்டிமேல் கயிறு போட்டுக் கீழே அமுக்கி உராய்வைக் கூட்டலாம் என்று பார்த்தால், கூடுதலாக 830 கிலோவுக்கு மேல் அமுக்க வேண்டும். வெறும் கயிற்றைக் கையால் இழுத்து அது நடக்காது. குழியில் இறங்கி ஏறும்போது பெட்டி ஒரு நொடி லேசாகும், அப்போது உராய்வும் குறையும் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இப்போது அதே பெட்டிக்கு அடியில் நல்ல ரப்பர் பாய் ஒன்றைப் போடுங்கள். உராய்வு எண் 0.6 என்று ஆகட்டும். தேவையான கூடுதல் அமுக்கம் 830-இலிருந்து சுமார் 170 கிலோவாக இறங்கிவிடும். ஐந்தில் ஒரு பங்கு! இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லித்தியம் பேட்டரி பேசின நாலு எதிர்கால எஞ்சினியர்களுக்கும் ஒரு ரப்பர் பாய் தோன்றவில்லை.

கேம்பர்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள்

வீடியோவில் கட்டிலைப் பார்த்தோம், கட்டைப் பார்க்கவில்லை. அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அங்கே கேம்பர் வாங்குகிறவர்கள் முதலில் யோசிப்பதே அதைத்தான்.

முதல் விஷயம், பெட்டியின் நாலு மூலையிலிருந்தும் வண்டிக்கு நாலு பிடிப்பு. அந்தப் பிடிப்பைப் பின்பக்கத் தொட்டியின் தகட்டில் மாட்டுவதைவிட அடியில் சேசிஸிலிருந்து நீட்டிய தாங்கிகளில் மாட்டுவதே உறுதி. தகடு கிழியும், சேசிஸ் கிழியாது. ரெண்டாவது, இழுத்துப் பிடிப்பதற்கு டர்ன்பக்கிள், அதாவது ரெண்டு முனையிலும் மரை வெட்டிய, திருகினால் இறுகும் கம்பி. அதில் பல வகைகளில் ஸ்பிரிங் இருக்கும். மேடு பள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், பெட்டி முறுக்காது. நடுவில் ஸ்பிரிங் இல்லை என்றால் ஏதோ ஒன்று உடைய வேண்டும். மூன்றாவது, அடியில் ரப்பர் பாய். நாலாவது, பெட்டியின் எடை மையம் வண்டியின் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன் சக்கரத்தில் பாரம் குறைந்து, ஏற்றத்தில் ஸ்டியரிங் காற்றில் திருப்புற மாதிரி ஆகிவிடும்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. 1,700 கிலோ வண்டியின் எடை மையம் 0.7 மீட்டர் உயரம், 500 கிலோ பெட்டியின் மையம் சாலையிலிருந்து 1.75 மீட்டர் என்று நான் ஒரு தோராயக் கணக்கு போட்டேன். சேர்த்துப் பார்த்தால் மையம் 0.94 மீட்டருக்கு ஏறுகிறது. வண்டி கவிழாமல் தாங்கும் பக்கவாட்டு விசை கால் பங்கு குறைந்துவிடுகிறது. பெட்டியை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் இது மாறாது. கட்டிய பெட்டியோடு வண்டியும் சேர்ந்து சாயும். அதற்கு ஒரே மருந்து, கனமான சாமானைக் கீழே வைத்து, மெதுவாகத் திரும்புவது.

"இதெல்லாம் ஓவர்டா"

இதைப் பற்றி ரூமில் பேசியபோது மூன்று பதில்கள் வந்தன.

முதல் பதில்: செலவு. தரமான 50 மில்லிமீட்டர் ராட்செட் பெல்ட் நாலும் ஒரு ரப்பர் பாயும் ஒரு ஜோடி டயர் விலைக்குள் வந்துவிடும். டயர் வழுக்கையானால் மாற்றுகிறோம்தானே? ஆனால் பெல்ட் வாங்கும்போது அதன் லேபிளைப் படியுங்கள். எல்.சி. என்று போட்டிருப்பது நேராக இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்பது. எஸ்.டி.எஃப். என்பது கையால் இறுக்கும்போது உண்மையில் கிடைக்கும் இழுவிசை. பெட்டிமேல் போட்டு அமுக்குவதற்கு ரெண்டாவது எண்தான் கணக்கு, அது முதல் எண்ணைவிட ரொம்பக் குறைவு. லேபிளே இல்லாத பெல்ட் வெறும் கலர் கயிறு.

ரெண்டாவது பதில்: சேசிஸில் நிரந்தரமாக வெல்டு அடித்துவிட்டால் கட்டுற வேலையே இல்லையே? இது கேட்கப் புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடுவதோ வெல்டு அடிப்பதோ அந்த இடத்தை பலவீனப்படுத்தும். அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் பாடியைப் பெரும்பாலும் யூ போல்ட் போட்டு, நடுவில் மரக்கட்டை வைத்துப் பிடிப்பது சும்மா இல்லை. இதில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்ததற்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. பக்கத்திலோ உயரத்திலோ அளவை மீறி லோடு நீட்டிக்கொண்டிருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 194-ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். எங்கள் பிளானில் இருந்த, பாடியைவிட ரெண்டு பக்கமும் ஒரு அடி அகலமான பெட்டி அப்போதே செத்துவிட்டது.

மூன்றாவது பதில்தான் எனக்குக் கோபம் வரவைத்தது: "லோடுமேன் பார்த்துப்பார்டா, நாம எதுக்கு அதைப் படிக்கணும்?" டிசைன் நம்ம வேலை, கட்டுவது அவங்க வேலை. இந்த எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. நாலு வருஷத்தில் நமக்கு ஒரு லேப் கூட லோடு கட்டுவதைப் பற்றி இல்லை. நாம் வரைகிற ஒவ்வொரு மெஷினும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு வண்டியில் ஏறித்தான் ஊர் போய்ச் சேரும். அதில் கயிறு மாட்ட ஒரு கண்ணி கூட வைக்காமல் வழவழப்பாக ஒரு பெட்டியை நாம் வரைந்து கொடுத்துவிட்டால், எங்கே கட்டுவது என்று கண்டுபிடிப்பது 500 கிலோவுக்கு அடியில் நிற்கிற ஆளின் தலையில் விழுகிறது. நகர்ந்தால் முதலில் அடிபடுவதும் அவர்தான். நம்ம ஊரில் லோடோடு ஆளும் பின்னால் ஏறிக்கொள்வார்கள், காதுகுத்துக்கோ கோவிலுக்கோ போகும்போது சொல்லவே வேண்டாம். சரக்கு வண்டியில் அப்படி ஆள் ஏற்றுவது தப்பு. கட்டாத பெட்டிக்கும் கேபினுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள், அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

அதனால் நான் சொல்வது

ஒன்று, எதை வரைந்தாலும் அதைப் பிடித்துக் கட்டும் இடத்தையும் சேர்த்து வரையுங்கள். எடை எவ்வளவு, எடை மையம் எங்கே, எங்கே பெல்ட் மாட்டலாம் என்று பெட்டியின் மேலேயே பெயின்டில் தமிழில் எழுதுங்கள். ரெண்டு, பெட்டி முன்பக்கத் தடுப்போடு ஒட்டி உட்காரட்டும். இடைவெளி இருந்தால் கட்டை கொடுத்து அடையுங்கள். நகரவே இடமில்லாத பெட்டியைப் பிடிக்க அதிக விசை தேவைப்படாது, அந்தத் தடுப்பு உறுதியாக இருக்கும் வரைக்கும். மூன்று, பெல்ட்டை இறுக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டி, மலை ஏறும் முன் மறுபடி இறுக்குங்கள். இது எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் மாமா முந்தலில் செய்ததுதான். அந்தப் பழக்கத்தை மட்டும் நாம் அப்படியே கற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதை ஒரு வகுப்பாக நடத்துவது கஷ்டமே இல்லை. ஒரு பிக்கப், ஒரு பழைய பீரோ, ஒரு ஸ்பிரிங் தராசு போதும். பீரோவை வெறும் தகட்டில் வைத்து இழுங்கள், அப்புறம் ரப்பர் பாயில் வைத்து இழுங்கள். மார்க்கெட்டிலிருந்து ஒரு லோடுமேன் அண்ணனைக் கூப்பிட்டு, அவருக்குரிய சம்பளம் கொடுத்து, அந்த முடிச்சைச் சொல்லித் தரச் சொல்லுங்கள். நாம் அவருக்கு அந்த ரெண்டு எண்களைக் காட்டுவோம். ஒரு மதியம் போதும்.

எங்கள் மூணாறு பிளான் என்னாச்சுன்னு கேட்பீங்க. இன்னும் போகவில்லை. பெட்டியின் அகலத்தைக் குறைத்து, உயரத்தைக் குறைத்து, அடியில் நாலு கண்ணி வைத்து மறுபடி வரைந்திருக்கிறோம். கட்டில் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் மாமா எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. போன வாரம் ஃபோன் பண்ணி, "மாப்ள, ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன். கொக்கிய எல்லாம் அறுத்துட்டு, எங்க பிடிப்பு வைக்கலாம்னு வந்து பாத்துச் சொல்லு" என்றார்.

இந்த சனிக்கிழமை போகிறேன்.